அமெரிக்க முன்னாள் செனட்டர்களின் ஆவணப் பெட்டிகள்: முதன்முறை தேடிப் போகிறவர்களுக்கு

1965-ல் வந்த ஹார்ட்-செல்லர் குடியேற்றச் சட்டம் இல்லையென்றால் இன்று அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை அங்கே போயிருக்கவே முடியாது. அந்தச் சட்டத்தின் வாசகம் இணையத்தில் கிடைக்கிறது, அவையில் நடந்த விவாதமும் கிடைக்கிறது. ஆனால் யார் யாரிடம் பேரம் பேசினார்கள், எந்த வரி யாருடைய வற்புறுத்தலால் நுழைந்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரண்டு அவைகளிலும் (செனட், பிரதிநிதிகள் சபை) இருந்த உறுப்பினர்களின் அலுவலகக் காகிதங்களில் இருக்கிறது: உதவியாளர் எழுதிய குறிப்பு, ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய பதில், தொகுதிக்காரர் எழுதிய கோபக் கடிதம்.

அந்தக் காகிதங்களைத் தேடிப் போய் நிறைய அலைந்தேன். அலைச்சலில் முக்கால்வாசி முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆய்வு மாணவர், பத்திரிகையாளர், எழுத்தாளர் என யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான். உதாரணத்துக்கு இந்த 1965 சட்டத்தையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் எது யாருக்குச் சொந்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு செனட்டரின் காகிதங்கள் எல்லாம் வாஷிங்டனில் அரசாங்கக் காப்பகத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

உறுப்பினரின் சொந்த அலுவலகத்தில் சேர்ந்த கடிதங்கள், உரைக் குறிப்புகள், நாட்குறிப்பு, புகைப்படங்கள், உதவியாளர் குறிப்புகள் எல்லாம் அவருடைய தனிச் சொத்து. பதவி முடிந்ததும் அவர் விரும்பிய பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தூக்கியும் எறியலாம். இவற்றை முறையாகப் பாதுகாத்து ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2008-ல் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது. ஆனால் அது வேண்டுகோள்தான், கட்டாயம் இல்லை. அதிபர்களின் ஆவணங்களுக்கு 1978-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

குழுக்களின் ஆவணங்கள் வேறு கணக்கு. நீதித்துறைக் குழு, வெளியுறவுக் குழு போன்றவற்றின் கோப்புகள் அவைக்குச் சொந்தம். அந்தக் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தின் சட்டமன்ற ஆவண மையத்துக்குப் போகும். பிரதிநிதிகள் சபையின் ஆவணங்கள் 233 என்ற ஆவணத் தொகுப்பு (ரெக்கார்ட் குரூப்) எண்ணிலும் செனட்டின் ஆவணங்கள் 46 என்ற எண்ணிலும் இருக்கும். இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதம் எழுதும்போது உதவும்.

எனவே ஒரே மனிதருக்கு இரண்டு இடம் தேட வேண்டியிருக்கும். இமானுவேல் செல்லர் 1923 முதல் 1973 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தவர். அவருடைய சொந்தக் காகிதங்கள் காங்கிரஸ் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிப் பிரிவில் இருக்கின்றன. அவர் தலைமை தாங்கிய நீதித்துறைக் குழுவின் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில். இரண்டும் ஒரே ஊர்தான், ஆனால் தனித்தனி நிறுவனம், தனித்தனி அட்டை, தனித்தனி விதி.

2. சட்டத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

"1965 குடியேற்றச் சட்டம்" என்று எந்தக் காப்பகத்தின் தேடல் பெட்டியில் போட்டாலும் பெரிதாக ஒன்றும் வராது. இந்தச் சேகரங்கள் ஆள் பெயரில்தான் இருக்கின்றன. ஆகவே முதலில் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்: மசோதாவைக் கொண்டுவந்தவர், குழுத் தலைவர், துணைக்குழுத் தலைவர், முக்கிய எதிர்ப்பாளர்.

அப்புறம் அமெரிக்கக் காங்கிரஸே நடத்தும் வாழ்க்கைக் குறிப்பு அகராதியைத் திறங்கள். பயோகைடு என்று தேடினால் வரும். இலவசம். 1774 முதல் இன்றுவரை உறுப்பினராக இருந்த எல்லோருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் "ரிசர்ச் கலெக்‌ஷன்ஸ்" என்ற பகுதி, அவருடைய காகிதங்கள் எந்த நூலகத்தில் இருக்கின்றன, ஏறத்தாழ எவ்வளவு என்று சொல்லிவிடும். வேறு ஒருவருடைய சேகரத்தில் இவருடைய கடிதங்கள் இருந்தால் அதையும் பல சமயம் குறிப்பிட்டிருப்பார்கள். அந்தச் சின்ன வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நம் உதாரணத்தில் வரும் பட்டியலைப் பாருங்கள். மசோதாவைச் செனட்டில் கொண்டுவந்த பிலிப் ஹார்ட்டின் காகிதங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி வரலாற்று நூலகத்தில், ஆன் ஆர்பரில். செல்லர், வாஷிங்டனில். குடியேற்றத் துணைக்குழுவின் தலைவராக இருந்து, உறவினர்களை அழைத்துக்கொள்வதற்கு முன்னுரிமை கிடைக்கும்படி மசோதாவை மாற்றியதில் பெரும்பங்கு வகித்த மைக்கேல் ஃபெய்கன் ஒஹாயோக்காரர். அவர் காகிதங்களோ நியூஜெர்சியில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில். மேற்கு அரைக்கோள நாடுகளிலிருந்து, அதாவது வட, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து, வருகிறவர்களுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று விடாமல் நின்ற செனட்டர் சாம் எர்வின், வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில். அவருடன் சேர்ந்து அழுத்தம் கொடுத்த செனட்டர் எவரெட் டர்க்சன், இல்லினாயில் பீகின் என்ற ஊரில் உள்ள டர்க்சன் மையத்தில். கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன், டெக்சஸின் ஆஸ்டினில்.

ஒரே ஒரு சட்டத்துக்கு ஆறு ஊர்! யாராலும் ஆறுக்கும் போக முடியாது, போக வேண்டியதும் இல்லை. எந்த இரண்டு என்று தேர்ந்தெடுக்கத்தான் அடுத்த படி.

இன்னொரு எச்சரிக்கை. பெயர் பெற்றவரின் சேகரம்தான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். ஹார்ட், செல்லர் பெயர்கள் சட்டத்தின் பெயரிலேயே இருக்கின்றன. ஆனால் மசோதா எங்கே வளைந்தது என்பதை அறிய ஃபெய்கன், எர்வின் பெட்டிகளுக்குப் போவதுதான் சரி என்பது என் கருத்து. வளைத்தவர்களின் காகிதத்தில்தான் வளைத்த கதை இருக்கும்.

3. பெட்டிப் பட்டியலை வீட்டிலேயே உட்கார்ந்து படியுங்கள்

ஒவ்வொரு சேகரத்துக்கும் ஒரு விவரப் பட்டியல் உண்டு. ஃபைண்டிங் எய்ட் என்று அழைப்பார்கள். பெரும்பாலும் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய ஆவணம் இது. நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள், இங்கே செலவிடும் ஒரு நாள் அங்கே பல நாளை மிச்சப்படுத்தும்.

முதலில் அளவைப் பாருங்கள். அளவை அடிக்கணக்கில் சொல்வார்கள், அதாவது அலமாரியில் பெட்டிகளை வரிசையாக வைத்தால் எத்தனை அடி நீளம் வரும் என்று. சாம்பல் நிற அட்டைப் பெட்டி ஒன்று சுமார் 5 அங்குலம் இடம் பிடிக்கும். ஆக ஓர் அடிக்கு இரண்டு, இரண்டரைப் பெட்டி. நீண்ட காலம் இருந்த செனட்டர் என்றால் ஆயிரம் அடியைத் தாண்டுவது சாதாரணம். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவீர்கள்.

அடுத்து, பிரிவுகள். சட்ட வேலை, குழு வேலை, தொகுதிக் கடிதங்கள், பத்திரிகைச் செய்திகள், உரைகள், பயணம், தேர்தல், தனிப்பட்டவை என்று பிரித்திருப்பார்கள். புதியவர்கள் நேராக உரைகள் பிரிவுக்கு ஓடுகிறார்கள். அவையில் பேசியதெல்லாம் காங்கிரஸின் நடவடிக்கைப் பதிவில் ஏற்கெனவே அச்சாகி இணையத்தில் இருக்கிறது. அதற்காகக் கடல் தாண்ட வேண்டாம். உதாரணமாக "சட்ட வேலை — 1965 — குடியேற்றம் — உதவியாளர் குறிப்புகள்" என்பது போல ஒரு வரி கண்ணில் பட்டால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். உதவியாளர் குறிப்புகளில்தான் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருப்பார்கள்.

தொகுதிக் கடிதங்கள் இரண்டு வகை. ஒன்று, கொள்கை பற்றிய கருத்துக் கடிதங்கள். மசோதாவை ஆதரி, எதிர் என்று மக்கள் எழுதியவை. மூலக் கடிதத்தின் பின்னால் பதிலின் கார்பன் நகல் மெல்லிய தாளில் குத்தப்பட்டிருக்கும். பத்துக் கடிதம் படித்தாலே பதில்கள் ஒரே வார்ப்பு என்று தெரிந்துவிடும்; அப்புறம் வார்ப்பிலிருந்து விலகிய பதிலை மட்டும் தேடுங்கள். அங்கே உறுப்பினரே கை வைத்திருப்பார். இரண்டாவது வகை, தனி மனிதர்களின் குறை மனுக்கள்: விசா சிக்கல், ஓய்வூதியம், ராணுவச் சேவை. இதை கேஸ் வொர்க் என்பார்கள். இவை பல சேகரங்களில் அழிக்கப்பட்டிருக்கும், அல்லது மூடியிருக்கும்.

"பிரித்து அடுக்கப்படாதது" என்று பட்டியலில் இருந்தால் கவனம். அந்தப் பெட்டிகளைப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் முன்கூட்டியே காப்பக ஊழியர் ஒருவர் அதைப் பார்வையிட வேண்டும்.

4. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது

அமெரிக்காவில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறதே, விண்ணப்பித்து வாங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் காங்கிரஸுக்குப் பொருந்தாது. விண்ணப்பித்துக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

குழு ஆவணங்களுக்குக் கணக்கு நேரானது. செனட் ஆவணங்கள் 20 ஆண்டில் திறக்கும், பிரதிநிதிகள் சபை ஆவணங்கள் 30 ஆண்டில். தனி மனிதர் விவரம், விசாரணை, பாதுகாப்பு ரகசியம் போன்றவை இரண்டு அவையிலும் 50 ஆண்டு. 1965-ன் கோப்புகள் இப்போது இந்த எல்லாக் கெடுவையும் தாண்டிவிட்டன. நீங்கள் 2000-க்குப் பிந்தைய பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றைப் பற்றி எழுத நினைத்தால் கதவு இன்னும் மூடியே இருக்கிறது, வேறு வழி பாருங்கள்.

சொந்தக் காகிதங்களுக்குக் கணக்கே கிடையாது. கொடுத்தவருக்கும் நூலகத்துக்கும் இடையே போட்ட கொடைப் பத்திரம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். ஒருவர் முழுவதையும் உடனே திறந்துவிடுவார், இன்னொருவர் தான் இறக்கும்வரை மூடி வைப்பார். ஜோ பைடன் தன்னுடைய செனட் காலக் காகிதங்களை டெலவேர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது, தான் பொது வாழ்விலிருந்து விலகி 2 ஆண்டுகள் ஆகும்வரை தன் அனுமதியில்லாமல் திறக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்.

பட்டியலின் முகப்பில் "ஆய்வுக்குத் திறந்துள்ளது" என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பிப் பயணச்சீட்டு போடாதீர்கள். சேகரம் மொத்தமும் திறந்திருந்தாலும் உள்ளே சில பிரிவுகள் மட்டும் மூடியிருக்கலாம். அது ஏழெட்டுப் பக்கம் தள்ளி அந்தப் பிரிவின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு நடந்தது இன்னும் மோசம். இணையப் பட்டியலில் திறந்ததாக இருந்த பெட்டிகள், போய்க் கேட்டபோது மறுபார்வையில் இருப்பதாகச் சொன்னார்கள். தளத்தில் திருத்த யாரும் மெனக்கெடவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவர்களுக்குப் புரிவதில்லை. ஆகையால் பெட்டி எண் போட்டு, எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

5. ஆவணக் காப்பாளருக்கு ஒழுங்காக ஒரு மின்னஞ்சல்

மொத்த வேலையிலும் இதைவிடப் பலன் தருவது எதுவும் இல்லை. பட்டியலில் இல்லாத விஷயம் காப்பாளரின் நினைவில் இருக்கும். "1965 கோப்பில் ஒன்றுமில்லை, ஆனால் 1964 பயணக் கோப்பில் பாருங்கள்" என்று ஒரு வரி வரும், அது போதும்.

குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் முன்பே எழுதுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், பட்டியலில் எந்தப் பிரிவு, எந்தப் பெட்டிகள், எந்தத் தேதிகள். அப்புறம் கேட்க வேண்டியவை:

இந்தப் பெட்டிகள் இன்றைய நிலையில் திறந்திருக்கின்றனவா? கட்டடத்திலேயே இருக்கின்றனவா, வெளிக் கிடங்கிலா? கிடங்கு என்றால் எத்தனை வேலை நாள் முன்பு சொல்ல வேண்டும்? சொந்தக் கேமராவில் படம் எடுக்கலாமா? வாசிப்பறைக்கு முன்பதிவு தேவையா? இதே விஷயத்தில் வேறு எந்தச் சேகரத்தைப் பார்க்கச் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். "இந்தச் சட்டம் பற்றி உங்களிடம் இருப்பதையெல்லாம் அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு விவரப் பட்டியலின் இணைப்பைத்தான் பதிலாக அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் நினைவூட்டி எழுதுவதில் தவறில்லை.

6. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

பாஸ்போர்ட் போதும். காங்கிரஸ் நூலகத்தில் வாசகர் அட்டையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் அட்டையும் இலவசம். காங்கிரஸ் நூலக அட்டைக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் இணையத்தில் ஒரு கணக்கு தொடங்கி அதன் வழியாகவே பெட்டிகளைக் கேட்கச் சொல்வார்கள், வீட்டிலிருந்தே தொடங்கிவிடுங்கள். கல்வி நிறுவனத்தின் அறிமுகக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை, இருந்தாலும் ஒன்றை வைத்திருங்கள். எல்லையில் குடிவரவு அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் அந்தக் கடிதமும் காப்பாளரின் மின்னஞ்சலும் பேசும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குச் சுயமான ஆய்வு பி-1 என்ற குறுகிய காலப் பயண விசாவில் அடங்கும். நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால் விசாவை முதலில் முடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

காகிதங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் தங்குமிடத்திலும் போக்குவரத்திலும்தான். பீகின் போன்ற சிற்றூர்களுக்குக் கார் இல்லாமல் போவது கடினம், அதையும் கணக்கில் சேருங்கள்.

பயண உதவித்தொகை இருக்கிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஆல்பர்ட் மையம், டர்க்சன் மையம், ஆஸ்டினில் ஜான்சன் நூலகத்தின் அறக்கட்டளை போன்றவை ஆய்வாளர்களுக்குத் தருகின்றன. விண்ணப்பிக்கும் முன் தகுதி நிபந்தனையைப் படியுங்கள். சில உதவிகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் பார்ப்பது உங்கள் கேள்விக்கும் அவர்களிடம் உள்ள பெட்டிகளுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதை. விண்ணப்பத்தில் பெட்டி எண்களையே எழுதுங்கள்.

தேதி குறிக்கும்போது கூட்டரசு விடுமுறைகளையும் பல்கலைக்கழக விடுமுறைகளையும் பாருங்கள். வாஷிங்டனில் நிதி மசோதா நிறைவேறாமல் அரசாங்கம் முடங்கும்போது தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையும் மூடிவிடும். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, முடிந்தால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

7. வாசிப்பறையில்

பை, கோட்டு, பேனா, தண்ணீர் எல்லாம் வெளியே பெட்டகத்தில். உள்ளே பென்சில், மடிக்கணினி, கேமரா. ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, ஒரு பெட்டியிலிருந்து ஒரு கோப்பு. கோப்பை எடுத்த இடத்தில் ஓர் அட்டையைச் செருக வேண்டும். தாள்களின் வரிசையை மாற்றாதீர்கள். தப்பான வரிசையில் இருப்பதாகத் தோன்றினாலும் நீங்கள் சரிசெய்யாமல் பணியாளரிடம் சொல்லுங்கள்.

நிதானமாகப் படித்தால் ஒரு பெட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அங்கே படிக்காதீர்கள், படம் எடுங்கள், படிப்பது வீட்டில். ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் கோப்பின் மேலட்டையாக இருக்கட்டும், பெட்டி எண்ணும் கோப்பின் பெயரும் தெரியும்படி. குறிப்பு ஒட்டுத்தாள் இருந்தால் அதோடு ஒரு படம், கீழே உள்ள எழுத்து தெரியும்படி இன்னொன்று. தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தொலைபேசியில் பேசியதை அங்கேதான் கிறுக்கியிருப்பார்கள். ஃப்ளாஷ் கூடாது.

அன்றிரவே படங்களைச் சேகரம், பெட்டி, கோப்பு என்ற பெயரில் அடைவுகளாகப் பிரித்து, இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் எந்தத் தாள் எந்தக் கோப்பு என்று பிரிக்கவே முடியாது. பெட்டி எண் இல்லாத ஆவணத்தை மேற்கோள் காட்டவும் முடியாது.

8. போக முடியாவிட்டால்

நான்கைந்து கோப்புதான் வேண்டுமென்றால் போகாமலே வாங்கலாம். நூலகமே ஸ்கேன் செய்து அனுப்பும். பக்கக் கணக்கு, கோப்புக் கணக்கு, மணிக் கணக்கு என்று கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், முதலில் மதிப்பீடு கேளுங்கள். அதிகம் என்றால் கூலிக்கு ஆய்வாளர் வைக்கலாம்; தேசிய ஆவணக் காப்பகம் அப்படிப்பட்டவர்களின் பட்டியலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் என்றால் அங்கே படிக்கும் முதுகலை மாணவர் யாராவது செய்வாரா என்று காப்பாளரையே கேட்கலாம். ஏற்கெனவே இணையத்தில் ஏற்றப்பட்டவை இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

9. வெளியிடும் முன்

பெட்டி நூலகத்துக்குச் சொந்தம் என்பதால் அதிலுள்ள எழுத்தின் உரிமையும் அதற்குச் சொந்தம் என்று ஆகாது. உறுப்பினர் தன் பதிப்புரிமையைக் கொடைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களின் உரிமை எழுதியவர்களுடையது. அமெரிக்கச் சட்டப்படி அச்சேறாத கடிதத்துக்கும் எழுதியவரின் ஆயுளோடு 70 ஆண்டுகள் உரிமை உண்டு. மேற்கோளாகச் சில வரி எடுப்பது ஆய்வு நூல்களில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியாயமான பயன்பாடுதான். கடிதம் முழுவதையும் அல்லது புகைப்படத்தை அச்சிடப் போகிறீர்கள் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகைப்படங்களுக்கு நூலகம் தனிக் கட்டணமும் கேட்கலாம், பதிப்பாளரிடம் இதை முன்பே பேசி வையுங்கள்.

1965-ல் ஒரு செனட்டருக்கு, தன் மனைவியை அழைத்துக்கொள்ள முடியவில்லை என்று கடிதம் எழுதிய சாதாரண மனிதர், அது ஒருநாள் புத்தகத்தில் வரும் என்று நினைத்து எழுதியவர் அல்ல. சில காப்பகங்கள் இத்தகைய பெயர்களை வெளியிடக் கூடாது என்று படிவத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. வாங்காத இடத்திலும் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தேதியையும் மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள்.